தோற்றவர்கள் சமைக்கட்டும்

பைன் ஊசியிலையைக் கழுவ உட்கார்ந்தபோது கீரை ஆய்வதுபோலத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஊசிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கின்றன. அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன உறை. அந்த உறையைக் கிள்ளி எடுக்காவிட்டால் வேகும்போது மாவில் போய் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் என் விரல்கள் பிசினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூன்று முறை சோப்புப் போட்டும் போகாத அந்த வாசனையோடுதான் அன்று இரவு தூங்கினேன்.

2022 செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை. தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில், ஆராய்ச்சி வேலைக்காகப் போய், ஒரு பழைய வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரப் பாட்டி. மறுநாள் சூசொக். கொரியர்களின் அறுவடைத் திருநாள், வருடத்தின் இரண்டு பெரிய பண்டிகைகளில் ஒன்று. ஊரே பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ஓடும் நாளில் இந்தப் பெண் மட்டும் மாடியில் தனியாக நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிடுவாளே என்று பாட்டிக்குத் தோன்றியிருக்க வேண்டும். படிக்கட்டின் அடியில் நின்று, "இந்தியப் பெண்ணே, கை சும்மாதானே இருக்கிறது? கீழே வா" என்று குரல் கொடுத்தார். அது அழைப்பா, கட்டளையா என்று தெரியாத குரல். எங்கள் ஊர்ப் பெரியம்மாக்களுக்கு இருக்கும் அதே குரல்.

கூடத்தில் செய்தித்தாள் விரித்து இரண்டு மருமகள்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சியோலிலிருந்தும் இளையவர் தேஜோனிலிருந்தும் வந்தவர்கள். நடுவில் ஒரு பெரிய பாத்திரத்தில் அரிசி மாவு. பாட்டி அதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி, மரக்கரண்டியால் கிளறி, சூடு பொறுக்கும் பதம் வந்ததும் கையால் அடித்துப் பிசைந்தார். எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. இது கொழுக்கட்டை மாவு! ஒன்பது நாளுக்கு முன்பு, ஆகஸ்ட் 31 அன்று, பிள்ளையார் சதுர்த்திக்கு என் மாடி அறையில் மின்சாரக் குக்கரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடும் இதேதான். பூரணமும் பெரிய தூரம் போகவில்லை. வறுத்து இடித்த எள்ளும் சர்க்கரையும், சிட்டிகை உப்பும். வெல்லம் இல்லை, ஏலக்காய் இல்லை. மற்றபடி எங்கள் வீட்டு எள்ளுப் பூரணம்.

பாட்டி எலுமிச்சை அளவுக்குக் குறைவாக ஓர் உருண்டையை எடுத்து, கட்டைவிரலால் குழித்து, எள்ளை வைத்து, இரு ஓரத்தையும் சேர்த்து அழுத்தி அரை நிலா வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பெயர் சோங்பியோன். 'சோங்' என்றால் பைன். அந்த ஊசியிலைகளை ஆவிப் பாத்திரத்தில் பரப்பி அதன்மேல் வேகவைப்பதால் வந்த பெயர். நானும் ஒன்றை எடுத்தேன். சொப்புச் செய்து, விரிசல் விடாமல் ஓரத்தை மடித்து வைத்ததும் இளைய மருமகள் தன்னுடையதைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார், பிறகு மாமியாரைப் பார்த்தார். சோங்பியோனை அழகாகப் பிடிப்பவளுக்கு அழகான மகள் பிறப்பாள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. "இவளுக்கு அழகிகள் பிறப்பார்கள்" என்று பாட்டி தீர்ப்புச் சொன்னார். தேஜோன் மருமகளின் சோங்பியோன்கள் பாவம், மிதிபட்ட மாதிரிதான் இருந்தன. அவருக்கு ஒரே மகன்.

முழுநிலவு நாளில் ஏன் அரை நிலாவைப் பிடிக்கிறார்கள் என்று கேட்டேன். மூத்தவர் பள்ளிக்கூடத்தில் படித்த கதையைச் சொன்னார். பேக்ஜே என்ற பழைய கொரிய நாட்டின் கடைசி அரசன் உய்ஜா. அவனது அரண்மனைக்குள் ஒரு பேய் நுழைந்து, "பேக்ஜே அழியும்" என்று கத்திவிட்டு மண்ணுக்குள் புகுந்துகொண்டதாம். தோண்டிப் பார்த்தால் ஓர் ஆமை. அதன் முதுகில், 'பேக்ஜே முழுநிலா, சில்லா இளம்பிறை' என்று எழுத்து. சில்லா பக்கத்து எதிரி நாடு. முழுநிலா தேயும், பிறை வளரும் என்று உண்மையைச் சொன்ன குறிகாரன் தலையை இழந்தான். முழுநிலா என்றால் வலிமை என்று இனிக்கப் பேசியவன் பிழைத்தான். 660இல் பேக்ஜே விழுந்தது, சில்லா ஜெயித்தது. அதனால் வளரப்போகும் நிலவின் வடிவத்தில் பலகாரம். கதைக்கும் பலகாரத்துக்கும் பிற்காலத்தில் போட்ட முடிச்சாகத்தான் இது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை: ஜொன்ஜு பழைய பேக்ஜே மண். தோற்ற நாட்டின் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, ஜெயித்தவர்களின் பிறையை ஆறு டஜன் பிடித்துக்கொண்டிருந்தோம்.

சூசொக் கொரிய நிலவுக் கணக்கில் எட்டாம் மாதத்தின் பதினைந்தாம் நாள் வருகிறது. சீன எழுத்துகளில் அந்தச் சொல்லுக்கு 'இலையுதிர்கால மாலை' என்று பொருள். கொரியர்களின் சொந்தச் சொல் ஹன்கவி, பெரிய நடுநாள். இதே நிலவைத்தான் சீனர்கள் நிலவுப் பலகாரம் தின்று கொண்டாடுகிறார்கள், வியட்நாமில் குழந்தைகள் காகித விளக்கோடு தெருவில் போகிறார்கள். தென்கொரியாவில் 1986 முதல் இரண்டு நாள் விடுமுறை, 1989 முதல் மூன்று நாள். அந்த மூன்று நாளுக்குள் நாட்டின் பெரும்பகுதி தெற்கும் வடக்குமாக இடம் மாறும். ரயில் டிக்கெட்டுகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். நெடுஞ்சாலைச் சுங்கத்தை 2017 முதல் பண்டிகைக்கு இலவசமாக்கினார்கள். பெருந்தொற்றில் நிறுத்திவைத்து 2022இல் மறுபடி கொண்டுவந்தார்கள். பணம் மிச்சமாகலாம், நேரம் மிச்சமாகாது. தீபாவளிக்கு முதல்நாள் தாம்பரத்தில் நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அறுவடைத் திருநாள் என்று சொல்கிறார்களே தவிர, அந்த ஆண்டு அறுவடையே ஆகவில்லை. சூசொக் செப்டம்பர் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. முந்தின ஞாயிறு சைக்கிளில் கிம்ஜே வரைக்கும் போயிருந்தேன். மலையும் மேடுமான அந்த நாட்டில் அடிவானம் கண்ணுக்குத் தெரியும் சமவெளி என்று பெயர் பெற்ற இடம் அது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நெல். கதிர் தலை சாய்ந்திருந்தது, பச்சை முழுக்க விடவில்லை. பெரிய அறுவடை அக்டோபரில்தான். சரியாகச் சொன்னால் சூசொக் முதலில் முற்றும் குறுவை நெல்லைப் படைக்கும் நாள். அதிலிருந்து வரும் புத்தரிசியில் செய்வதுதான் பழைய கணக்குப்படி உண்மையான சோங்பியோன். எங்கள் பாட்டியின் மாவு கடையில் வாங்கியது. பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்த்தேன். போன வருட நெல்.

இந்தப் பண்டிகையின் பிறப்பைப் பற்றி ஒரு பழைய பதிவு இருக்கிறது. கிம் பூசிக் தொகுத்து 1145இல் முடித்த 'சம்குக் சாகி' என்னும் வரலாற்று நூலில் வருகிறது. சில்லாவின் அரசன் யூரி தன் ஒன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 32இல், தலைநகரின் ஆறு பகுதிகளையும் இரண்டு அணியாகப் பிரித்தானாம். ஒவ்வோர் அணிக்கும் ஓர் இளவரசி தலைமை. ஏழாம் மாதம் பதினாறாம் நாள் தொடங்கி, பெண்கள் தினமும் விடியலில் ஒரு பெரிய முற்றத்தில் கூடி, இரவு பத்து மணிவாக்கில் கலையும்வரை சணல் நார் நூற்றார்கள். ஒரு மாதம். எட்டாம் மாதம் பதினைந்தில் எந்த அணி அதிகம் செய்தது என்று பார்ப்பார்கள். தோற்ற அணி சாராயமும் சாப்பாடும் தயார் செய்து ஜெயித்த அணியை உபசரிக்க வேண்டும். பிறகு ஆட்டம், பாட்டம், எல்லா விளையாட்டும். அதற்குக் 'கபே' என்று பெயர். ஹன்கவியில் இருக்கும் 'கவி' அதிலிருந்து வந்தது என்பார்கள். அந்தப் பதிவின் கடைசி வரிகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. தோற்ற அணியிலிருந்து ஒரு பெண் எழுந்து ஆடுகிறாள். ஆடியபடியே 'ஹோய்சோ, ஹோய்சோ' என்று பெருமூச்சு விடுகிறாள். அந்தக் குரல் சோகமாகவும் அழகாகவும் இருந்ததால் பின்னால் வந்தவர்கள் அதைப் பாட்டாக்கி 'ஹோய்சோ பாட்டு' என்று பெயரிட்டார்கள். பெயர் மட்டும் இருக்கிறது, பாட்டு இல்லை.

நடந்ததற்கும் எழுதியதற்கும் நடுவே 1,100 வருடம். கி.பி. 32 என்ற ஆண்டைச் சத்தியமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பண்டிகை பழையது என்பதற்கு வேறு சாட்சி இருக்கிறது. எந்நின் என்ற ஜப்பானியத் துறவி 839இல் சீனாவின் ஷாண்டோங் கரையில் சில்லாக்காரர்கள் நடத்திய ஒரு மடத்தில் தங்கியிருந்தார். எட்டாம் மாதம் பதினைந்தன்று அங்கே பலகாரம் செய்து மூன்று நாள் இரவும் பகலும் ஆடிப் பாடியதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு மடத்துப் பெரியவர்கள் சொன்ன காரணம் நூற்பும் இல்லை, நெல்லும் இல்லை. முன்னொரு காலத்தில் சில்லா இதே நாளில் ஒரு போரில் ஜெயித்ததாம். ஒரே பண்டிகைக்கு ஒரு மடத்தில் போர், ஒரு நூலில் தறி. ஊருக்கு ஊர் தீபாவளிக்குக் காரணம் மாறும் நாட்டிலிருந்து போன எனக்கு இது ஒன்றும் அதிசயமாக இல்லை.

இந்த நூற்புக் கதையை நான் முதலில் படித்தது ஆய்வகத்தில், ஒரு மதிய இடைவேளையில். அப்போது அது ஒரு தகவல். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பாட்டி வீட்டுக் கூடத்தில், எண்ணெய்ப் புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் ஒரு வரி திரும்பி வந்து மனதில் உட்கார்ந்தது: தோற்ற அணி சமைக்க வேண்டும்.

ஏனென்றால் சோங்பியோன் முடிந்ததும் ஜொன் தொடங்கியது. ஜொன் என்பது மெல்லிசாக நறுக்கியதை மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, தட்டையான கல்லில் எண்ணெய் விட்டுச் சுட்டெடுப்பது. எங்கள் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெயில் முங்காத பஜ்ஜி. சுரைக்காய் இனத்துப் பிஞ்சுக்காயில் ஒன்று, மீன் துண்டில் ஒன்று, பெரில்லா இலையில் கறி வைத்து மடித்தது ஒன்று, குச்சியில் காயும் இறைச்சியும் மாற்றி மாற்றிக் கோத்தது ஒன்று, காளானில் ஒன்று. தரையில் மின்சாரக் கல்லை வைத்துக்கொண்டு சியோல் மருமகள் ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒருவர் புரட்ட, ஒருவர் தோய்க்க, ஒருவர் திருப்ப. மூன்று மணி நேரம். மூங்கில் தட்டுகளில் காகிதம் விரித்து அடுக்க அடுக்க ஜொன் மலையாக வளர்ந்தது. தலைமுடியெல்லாம் எண்ணெய் வாசம். கடைசித் தட்டில் ஜொன் ஒன்றின் முட்டை உறை பிய்ந்துவிட்டது. "இதை நீ சாப்பிடு, தாத்தாவுக்கு ஆகாது" என்று என் வாயில் திணித்தார் தேஜோன்காரர். படைப்பதற்கு முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்ற சட்டத்திலிருந்து உடைந்தவற்றுக்கு மட்டும் விலக்கு.

பாட்டியின் மகன்கள், அண்ணன் தம்பி இருவரும், காலையில் மலைக்குப் போயிருந்தார்கள். சும்மா போகவில்லை. பண்டிகைக்கு முன் முன்னோர் கல்லறைகளில் புல் வெட்டியாக வேண்டும். பொல்சோ என்று பெயர். கொரியக் கல்லறைகள் மலைச்சரிவில் இருக்கும் வட்டமான மண்மேடுகள். கோடை மழையில் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு வெட்டும்போது குளவிக் கூட்டைக் கலைத்து மருத்துவமனைக்குப் போவோர் வருடந்தோறும் செய்தியில் வருவார்கள். எனவே அவர்கள் வேலை செய்யவில்லை என்று சொன்னால் பாவம். ஆனால் புல் மதியத்துக்குள் வெட்டி முடிந்துவிட்டது. திரும்பி வந்து குளித்துவிட்டு அவர்கள் தொலைக்காட்சி முன் சாய்ந்தபோது இன்னும் இரண்டு கூடை காளான் நறுக்காமல் இருந்தது.

படைக்கப்போவது யாருக்கு? கணவனின் தாத்தாவுக்கு, கணவனின் அப்பாவுக்கு. மருமகளின் சொந்த முன்னோர் அன்று இன்னொரு வீட்டில், இன்னொரு மருமகள் சுட்ட ஜொன்னுக்காகக் காத்திருப்பார்கள். பண்டிகை முடிந்ததும் வரும் முதுகுவலி, தலைவலி, எரிச்சல் எல்லாவற்றையும் சேர்த்து 'பண்டிகை நோய்' என்று கொரிய மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது. செய்தித்தாளில் சாதாரணமாக அச்சாகும் சொல். சில்லாவின் பெண்களில் ஓர் அணியாவது ஜெயித்தது. அதற்குப் பிறகு வந்த ஏதோ ஒரு நூற்றாண்டில் இரண்டு அணிகளும் சேர்ந்து தோற்றுவிட்டன போலிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சரியாக அந்த வாரம்தான், செப்டம்பர் 5, திங்கட்கிழமை, சுங்க்யுன்குவான் ஓர் அறிக்கை விட்டிருந்தது. சியோலில் 1398இல் நிறுவப்பட்ட கன்ஃபூசிய உயர்கல்விக்கூடத்தின் வாரிசு அது. சடங்கு விஷயத்தில் கொரியர்களுக்கு அதன் சொல் கிட்டத்தட்ட மடத்தின் வாக்கு. சூசொக் படையலுக்கு எண்ணெயில் சுட்ட பண்டங்கள் தேவையே இல்லை என்றது அறிக்கை. சோங்பியோன், காய்கறி, வாட்டியது, கிம்ச்சி, பழம், மது என்று ஆறு போதும், மிஞ்சினால் ஒன்பது. எண்ணெய்ப் பண்டங்களைப் படைப்பது முறையல்ல என்று 17ஆம் நூற்றாண்டு அறிஞர் கிம் ஜாங்-செங் எழுதியதையே சான்றாகக் காட்டியிருந்தார்கள். சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுக்கொண்டு அடுக்குகிறார்களே, அந்த விதியும் பழைய சாத்திர நூல்களில் கிடையாதாம்.

செய்தி தொலைக்காட்சியில் மறுபடி ஓடியது. சியோல் மருமகள் திருப்பிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி சிரித்தார். "இருபது வருடம் சுட்டு முடித்த பிறகு சொல்கிறார்கள்" என்றார். சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் பாட்டியைப் பார்த்தோம். பாட்டி திரையைப் பார்க்கவே இல்லை. "அவர்களுக்கு என்ன தெரியும்? தாத்தாவுக்கு மீன் ஜொன்தான் பிடிக்கும்" என்றார்.

அதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? என் அம்மாவும் இதையேதான் சொல்வாள். மகாளய அமாவாசை அன்று அப்பாவின் அப்பாவுக்கு, தான் பார்த்தேயிராத மாமனாருக்கு, "அவருக்கு உளுந்துவடை மொறுமொறுப்பாக இருக்க வேண்டுமாம்" என்று விடிகாலையில் எழுந்து அரைப்பாள். பெரும்பாலான வருடங்களில் சூசொக்கின் முழுநிலவு முடிந்ததும் நமக்கு மகாளய பட்சம் தொடங்கிவிடுகிறது. 2022இலும் அப்படித்தான். அவர்கள் நிலா நிறைந்த அன்று முன்னோரைக் கூப்பிடுகிறார்கள். நாம் அது தேய்ந்து இல்லாமல் போகும்வரை பதினைந்து நாள் காத்திருந்து கூப்பிடுகிறோம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் படையல். சாரியே என்கிறார்கள், சொல்லில் 'தேநீர்' இருக்கிறது, மேசையில் அரிசி மதுதான் இருக்கிறது. பேரிக்காயை எந்தப் பக்கம் வைப்பது என்று அண்ணனும் தம்பியும் ஐந்து நிமிடம் வாதாடினார்கள். திங்கட்கிழமை அறிக்கை அந்த அறைக்குள் நுழையவே இல்லை. புத்தாண்டு என்றால் அரிசிக்கேக் சூப், சூசொக் என்றால் சோங்பியோன், அதுவே நடுநாயகம். ஊதுவத்தி ஏற்றி, மது ஊற்றி, இரண்டு முறை விழுந்து வணங்கினார்கள். பிறகு முன்னோர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று எல்லோரும் சற்றுநேரம் தலைகுனிந்து சும்மா நின்றோம். அந்த அமைதியில் தொண்டையைக் கனைத்த பேரன் ஒருவன் முதுகில் அடி வாங்கினான். காக்காய்க்கு வைத்துவிட்டு மாடியில் காத்திருக்கும் அதே நேரம் அது. அதற்கப்புறம் படைத்ததை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

சாப்பிடும்போது அண்ணன்காரர் என்னிடம் திடீரென்று, "நீங்கள் எங்களுக்கு உறவு, தெரியுமா?" என்றார். அவர்கள் கிம்ஹே கிம் குலம். தென்கொரியாவின் மிகப் பெரிய குலம்; கயா என்ற பழைய கொரிய நாட்டை நிறுவிய சூரோ அரசனின் வழி என்று சொல்லிக்கொள்பவர்கள். 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்த 'சம்குக் யுசா'வில், கி.பி. 48இல் ஆயுதா என்னும் நாட்டிலிருந்து கப்பலில் வந்து சூரோவை மணந்த பதினாறு வயது இளவரசியின் கதை இருக்கிறது. ஹோ ஹ்வாங்-ஓக். அவள் அயோத்திக்காரி என்று ஒரு கட்சி; அங்கே நினைவிடமே எழுப்பிவிட்டார்கள். அவள் கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழச்சி, பெயர் செம்பவளம் என்று நம் வாட்ஸாப் குழுக்களில் ஒரு கட்சி. நூலில் இருப்பது ஆயுதா என்ற ஒற்றைச் சொல் மட்டும். அதை வைத்துக்கொண்டு எந்த ஊருக்கும் பத்திரம் எழுத நான் தயாராக இல்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது மரியாதை ஆகாது. "ஆமாம், பாட்டி வீட்டுக்கு வந்திருக்கிறேன்" என்றேன். அவர் எனக்கு இன்னொரு கோப்பை ஊற்றினார்.

அதே நூலில் என் கண்ணில் பட்ட வேறொரு வரியை அங்கே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். சூரோவின் கோயிலில் வருடத்துக்கு ஐந்து நாள் படையல் நடந்ததாக அது சொல்கிறது; அதில் ஒன்று எட்டாம் மாதம் பதினைந்து. நூற்புப் போட்டிக் கதையில் முன்னோர் யாரும் இல்லை, நெல்கூட இல்லை. இங்கே முன்னோர் வந்துவிடுகிறார்கள். பிறகு ஜோசோன் அரசமரபின் காலத்தில் கன்ஃபூசிய ஒழுங்கு வீட்டுக்கு வீடு இறங்கியபோது படையல் மேசை பண்டிகையின் மையத்துக்கு வந்தது, முற்றத்தில் பாட்டுப் பாடிய பெண்கள் சமையலறைக்குப் போனார்கள்.

முழுக்கப் போகவில்லை என்றும் சொல்ல வேண்டும். ஜொன்ஜுவுக்குத் தெற்கே, ஹேநாம், ஜிந்தோ கடற்கரைகளில், சூசொக் இரவில் பெண்கள் கைகோத்து வட்டமாகச் சுற்றி ஆடும் கங்கங்சுல்லே உண்டு. ஒருத்தி வரி எடுக்க, மற்றவர்கள் 'கங்கங்சுல்லே' என்று திருப்பிச் சொல்ல, மெதுவாகத் தொடங்கும் வட்டம் கடைசியில் ஓட்டமாகிவிடும். கும்மிக்குக் கைதட்டல் இல்லாத அக்கா. ஜப்பானியப் படைகளுக்கு எதிராகத் தளபதி யி சுன்-சின் ஊர்ப் பெண்களைக் குன்றின்மேல் இப்படிச் சுற்றவைத்து, பெரும்படை நிற்பதுபோல் எதிரிக்குப் பூச்சி காட்டினார் என்று கதை. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். எனக்குத் தளபதியின் தந்திரம் அவ்வளவாக ஒட்டவில்லை. இரவில் வெளியே வரவோ உரக்கப் பாடவோ அனுமதியில்லாத பெண்களுக்கு வருடத்தில் கிடைத்த ஓர் இரவு என்று சிலர் சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. அதற்குப் படைத்தளபதி தேவையில்லை, நிலா போதும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூசொக் பரிசு என்றால் அலங்காரப் பெட்டியில் அடுக்கிய ஸ்பாம் டப்பாக்களும் சமையல் எண்ணெயும் ஷாம்பூவும். கொரியப் போரில் அமெரிக்க ராணுவத்தோடு வந்த டப்பா இறைச்சி, பட்டுத்துணி விரித்த பெட்டிக்குள் படுத்திருப்பதைப் பார்க்கும்போது சிரிப்பு வரும். எனக்குக் கிடைத்த பெட்டியைப் பாட்டிக்குக் கொடுத்தேன், பாட்டி அதை வேறு யாருக்கோ கொடுத்தார். இப்போதெல்லாம் ஊருக்குப் போகாமல் விமான நிலையத்துக்குப் போகும் குடும்பங்களும் நிறைய. பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் சியோலுக்கு ரயில் ஏறுவதும் உண்டு. வடகொரியாவில் 1988இல்தான் இது மறுபடி விடுமுறை ஆனது. அங்கே ஊரை விட்டுவிட்டுப் போரில் தெற்கே வந்து சேர்ந்த முதியவர்கள் எல்லைக்குப் பக்கத்தில், இம்ஜின்காக்கில், வடக்கு நோக்கி ஒரு பொதுப் படையல் மேடையில் வணங்குகிறார்கள். பிரிந்த குடும்பங்கள் நேரில் சந்திக்க ஏற்பாடு நடந்தது 2018 ஆகஸ்டில், அதுவே கடைசி. அந்த முதியவர்களைக் காட்டும்போது மட்டும் பாட்டி தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

மாலையில் எல்லோரும் மாடிக்கு, என் அறைக்கு வெளியே இருந்த மொட்டைமாடிக்கு, நிலா பார்க்க வந்தார்கள். அந்த ஆண்டு நிலாவைப் பற்றி ஒரு வாரமாகவே பேச்சு. நிலா முழுமை அடைந்தது 6:59க்கு, சியோலில் அது எழுந்தது 7:04க்கு. சூசொக் அன்று எழும் கணத்தில் இவ்வளவு வட்டமாக இருப்பது நூறு வருடத்தில் இல்லை என்றார்கள். மேகம் கொஞ்சம் விளையாட்டுக் காட்டியது, பிறகு விலகியது. பாட்டி கைகூப்பி ஏதோ முணுமுணுத்தார். நிலாவிடம் கேட்டதைச் சொல்லிவிட்டால் பலிக்காது என்பதால் யாரும் கேட்கவில்லை.

பிறகு பேரப்பிள்ளைகள் யுட் குச்சிகளைக் கொண்டுவந்தார்கள். நான்கு மரக்குச்சிகளைத் தூக்கிப் போட்டு, விழுந்த கணக்குக்குக் காய் நகர்த்தும் ஆட்டம். கிட்டத்தட்ட நம் தாயம். புத்தாண்டு விளையாட்டு அது, ஆனால் குழந்தைகளுக்கு நாள் கணக்கு ஏது? ஆண்கள் ஓர் அணி, பெண்கள் ஓர் அணி, என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தோற்ற அணி பாத்திரம் கழுவ வேண்டும் என்று தேஜோன் மருமகள் ஒரு பந்தயம் வைத்தார். மாமியார் முன்னிலையில் அதைச் சொல்ல அவருக்கு இரண்டு கோப்பை மது தேவைப்பட்டது. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தோம். கடைசிக் காயை வீட்டுக்கு ஏற்றியது என் கை என்பதை இந்தக் கட்டுரையில் எங்காவது சொல்லியாக வேண்டும்.

அண்ணனும் தம்பியும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழே போனார்கள். நாங்கள் மூவரும் மொட்டைமாடியிலேயே உட்கார்ந்து ஆறிப்போன சோங்பியோனைத் தின்றோம். எள்ளெண்ணெய் தடவியிருந்ததால் ஒன்றோடொன்று ஒட்டாமல் பளபளத்தன. எதில் என்ன பூரணம் என்று கடிக்கும்வரை தெரியாது. எனக்கு இரண்டு முறை பயறு வந்தது, மூன்றாவதில் எள். கீழேயிருந்து தட்டு மோதும் சத்தமும், நடுநடுவே அண்ணன்காரரின் நீண்ட பெருமூச்சும் கேட்டன. சியோல்காரர் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார், நல்ல சங்கீதம் கேட்பதுபோல.

பதினொரு மணிவாக்கில் நான் தண்ணீர்க் குடுவையை வைக்கக் கீழே போனேன். சமையலறை விளக்கு எரிந்தது. பாட்டி முக்காலியில் ஏறி நின்று, பிள்ளைகள் கழுவி அடுக்கியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தவற்றை மறுபடி தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, மேலே இருப்பவர்களுக்குச் சொல்லிவிடாதே என்று சைகை காட்டினார்.